மேல்கையிலும் தொடையிலும் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு: வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவருக்கு 29 வயது. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்தே மேல்கையின் வெளிப்பக்கத்திலும் தொடையிலும் மணலை ஒட்டிவைத்தது போலச் சின்னச் சின்ன முண்டுகள். வலி இல்லை, பெரிதாக அரிப்பும் இல்லை. ஸ்க்ரப், கரடுமுரடான நார், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா என்று எல்லாம் பார்த்தாயிற்று, தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். இப்போது முண்டு இருந்த இடமெல்லாம் கரும்புள்ளியும் விழுந்துவிட்டது. வீட்டில் "ஒழுங்காகத் தேய்த்துக் குளித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஐந்து வயது மகனுக்கும் கன்னத்தில் அதே மாதிரி தெரிகிறது. இது முழுசாகப் போகுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மருந்தாளுநர், அதைவிட முக்கியமாக எனக்கும் இதே தோல்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதல் வேலையாக அந்த நாரையும் ஸ்க்ரப்பையும் ஓரமாக வைத்துவிடுங்கள். இது அழுக்கு இல்லை. தேய்த்துப் போகிற விஷயமே இல்லை, தேய்க்கத் தேய்க்கக் கூடத்தான் செய்யும். ஊறவைத்து, இளக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் தொட்டாலே வித்தியாசம் தெரியும் அளவுக்குக் குறையும். ஆனால் விட்டுவிட்டால் திரும்ப வரும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் பாதி மனவருத்தம் குறைந்துவிடும்.

நீங்கள் சொல்லும் இடம், ஆரம்பித்த வயது, வலி இல்லாதது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதற்குக் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நோய் என்று சொல்வதைவிடத் தோலின் ஒரு வாகு என்று சொல்வதுதான் சரி. பதின்ம வயதில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும், பெரியவர்களிலும் 40% வரை இருக்கும் என்றுதான் தோல் மருத்துவத்தில் சொல்வார்கள். யாருக்கும் தொற்றாது. குடும்ப வழியாக வரும். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் ஒரே வீட்டில் ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குத் தொடை முழுக்கவும் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம் தோலின் மேலடுக்கு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. பழைய செல்கள் மேலே வந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். இந்த வாகு உள்ளவர்களுக்கு மயிர்க்காலின் வாயில் மட்டும் அந்தச் செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு சின்ன முளை அடித்தது போல வாயை அடைத்துவிடும். அந்த முளைதான் கைக்குத் தட்டுப்படுகிற மணல். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு முண்டும் சரியாக ஒரு மயிர்க்காலின் மேலேயே உட்கார்ந்திருக்கும், நடுவில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு கடினமான துளி, சிலவற்றில் அந்தத் துளிக்குக் கீழே வெளியே வர வழியில்லாமல் ஒரு மெல்லிய முடி கடிகாரச் சுருள் மாதிரி சுருண்டு கிடப்பது தெரியும். சுற்றி லேசாகச் சிவப்பு வளையம் இருந்தால் அங்கே கொஞ்சம் அழற்சியும் இருக்கிறது என்று அர்த்தம். கருமையான தோலில் அந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும்.

இப்போது நாரைப் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முளையின் தலை மட்டும் சீவிப்போகும், அடி உள்ளேயே இருக்கும். அன்றைக்கு மழமழவென்று இருப்பது போலத் தோன்றும், அதுதான் ஏமாற்றுவது. சுற்றியுள்ள நல்ல தோலும் சேர்ந்து உராய்ந்து, தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் தடிக்கும். கூடவே அழற்சி வரும், அழற்சி வந்த இடத்தில் நிறமி கூடும். உங்களுக்குப் புதிதாக வந்த கரும்புள்ளிகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

எலுமிச்சை, சமையல் சோடா பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் என்ற அமில-கார அளவில் 5ஐ ஒட்டி இருக்கும். சமையல் சோடாக் கரைசல் 8ஐத் தாண்டிக் காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 வரை போகும் கடுமையான அமிலம். ஒன்று இந்தப் பக்கம் இழுக்கிறது, இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது ஏற்கெனவே வறண்ட தோல். எலுமிச்சை வகைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் நீண்ட நாள் மறையாத கருந்திட்டும் வரலாம். "ஆசிட்தானே, லாக்டிக் ஆசிட் போடச் சொல்கிறார்களே, எலுமிச்சையும் ஆசிட்தானே" என்று பலர் கேட்பார்கள். அளவும் பிஎச்சும் தெரிந்து, ஈரத்தைப் பிடிக்கும் பொருட்களோடு சேர்த்துச் செய்த கிரீமும் பிழிந்த சாறும் ஒன்றாகாது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

குளியலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான் உண்டாகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், ஆவி பறக்கிற சூட்டில் குளித்தால் தோலின் எண்ணெய்ப்பசை போய்விடும். ஐந்து முதல் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சாதாரண சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் பிஎச் 9, 10 என்று காரமாக இருக்கும், அதற்குப் பதிலாக வாசனை இல்லாத, மென்மையான, பிஎச் சமன்செய்யப்பட்ட கிளென்சராகப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் உடம்பு முழுக்கத் தினமும் நுரை போட வேண்டிய அவசியமில்லை, அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்குப் போட்டால் போதும். முண்டு இருக்கிற இடத்துக்குத் தண்ணீரும் கையும் போதும். ஆசையாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை, நன்றாக ஊறிய பிறகு, மெல்லிய பருத்தித் துணியால் குழந்தையின் முகத்தைத் துடைக்கிற பதத்தில் ஒரு சுற்று. அதற்கு மேல் அழுத்த வேண்டாம்.

குளித்து முடித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் முழுசாகக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் தடவிவிட வேண்டும். இந்த இரண்டு மூன்று நிமிடத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோல் அப்போதுதான் தண்ணீரை வாங்கி இளகியிருக்கிறது. அப்படியே விட்டால் அந்த ஈரம் ஆவியாகிவிடும், சில சமயம் குளிப்பதற்கு முன் இருந்ததைவிட வறண்டுபோகும். மேலே ஒரு பூச்சு விழுந்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பாட்டில் குளியலறைக்குள்ளேயே இருக்கட்டும், அறைக்குப் போய், துணி மாற்றி, போனைப் பார்த்து, பிறகு தடவலாம் என்றால் அந்த நேரம் தாண்டிவிடும்.

எந்த மாய்ஸ்சரைசர் என்றால், பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துப் பொருட்பட்டியலைப் பாருங்கள். கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் இவற்றில் இரண்டு மூன்று இருந்து, வாசனை சேர்க்காததாக இருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடுகிற லோஷனைவிடக் கொஞ்சம் கெட்டியான கிரீம் இதற்கு உதவும். எண்ணெய் மட்டும் தடவினால் போதாதா என்றும் கேட்பார்கள். எண்ணெய் ஈரம் போகாமல் மூடிவைக்கும், அது நல்ல வேலைதான், ஆனால் அடைத்திருக்கும் முளையை அது கரைக்காது. ஏற்கெனவே எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் மாய்ஸ்சரைசருக்கு மேல் தடவிக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் இது மட்டும்தான். காலை, இரவு இரண்டு வேளை மாய்ஸ்சரைசர், வேறு எதுவும் வேண்டாம். உங்கள் தோல் நார் பட்டு, எலுமிச்சை பட்டுப் புண்ணாகி இருக்கிறது, அது ஆறாமல் அதன் மேல் ஆசிட் எதையும் வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். நான் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். கல்லூரி நாட்களில் ஒரு கடையில் கேட்டு வாங்கிய, சாலிசிலிக் ஆசிட் அதிகம் உள்ள ஒரு களிம்பை ஸ்க்ரப் போட்ட அன்றே இரண்டு கைகளிலும் தடவினேன். மறுநாள் பட்டை பட்டையாகச் சிவந்து, ஒரு வாரத்தில் உரிந்து, அந்த இடம் கறுத்து, அந்தக் கருமை மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருடம் முழுக்க முழுக்கைச் சட்டைதான். அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து முளையை இளக்கும் மருந்து ஒன்று. ஒன்றே ஒன்று. இதில் முக்கியமாக மூன்று இருக்கின்றன.

எனக்கு மிகப் பிடித்தது யூரியா. பெயரைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் நம் தோலே தனக்குள் இயல்பாக வைத்திருக்கும் ஈரம்காக்கும் பொருட்களில் யூரியாவும் ஒன்று. கிரீமில் வருவது ஆலையில் செய்த சுத்தமான யூரியா. 10%க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஈரம் காக்கும் வேலையை மட்டும் செய்யும். 10 முதல் 20% வரை போனால் கெரட்டினைத் தளர்த்தி முளையையும் இளக்கும். ஆரம்பத்துக்கு 10% போதும், ஒரு மாதம் தாங்கினால் 20%க்குப் போகலாம். 40% என்றும் கிடைக்கும், அது தடித்த நகத்துக்கும் பாதத்தின் காய்ப்புக்கும் உரியது, கைக்கு வேண்டாம்.

இரண்டாவது லாக்டிக் ஆசிட். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பிடியைத் தளர்த்தும், ஈரத்தையும் பிடிக்கும். 5 முதல் 12% வரை லோஷனாக வருகிறது, 12% அமோனியம் லாக்டேட் என்று எழுதியிருந்தாலும் அது இந்தக் குடும்பம்தான். மூன்றாவது சாலிசிலிக் ஆசிட், இது எண்ணெயில் கரையும் என்பதால் மயிர்க்காலின் உள்ளே இறங்கும், 2% அளவில் ஆரம்பிக்கலாம். 10% லாக்டிக் ஆசிட்டையும் 5% சாலிசிலிக் ஆசிட்டையும் 50 பேரிடம் தினம் இரு வேளை தடவிப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. 12 வாரத்தின் முடிவில் முண்டுகள் லாக்டிக் ஆசிட்டில் சராசரியாக 66%, சாலிசிலிக்கில் 52% குறைந்திருந்தன. இரண்டுமே வேலை செய்கிறது, லாக்டிக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஆனால் இதில் நான் கவனிப்பது 12 வாரம் என்பதைத்தான். தோலின் மேலடுக்கு ஒரு முறை முழுசாகப் புதுப்பிக்கவே ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். பத்து நாளில் பலன் இல்லை என்று கிரீமை மாற்றுகிறவர்கள் எந்தக் கிரீமுக்கும் வேலை செய்ய நேரமே கொடுப்பதில்லை.

தடவும் முறை: முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில் மட்டும். தாங்கினால் தினமும். தடவியதும் ஓரிரு நிமிடம் லேசாகக் குறுகுறுவென்று இருப்பது சகஜம். பத்து நிமிடம் தாண்டியும் எரிந்தாலோ மறுநாளும் சிவப்பு நின்றாலோ கழுவிவிட்டு, மூன்று நான்கு நாள் வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு, பிறகு வாரம் இரண்டு தடவையாகக் குறைத்து ஆரம்பியுங்கள். மழித்த அன்றைக்கு, வேக்ஸ் செய்த அன்றைக்கு, கீறல், வெடிப்பு இருக்கிற இடத்தில், இவற்றில் எல்லாம் தடவக் கூடாது. முழுக் கைக்கும் போடுவதற்கு முன் முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் அளவு இடத்தில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தடவுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு முதல் நுனி வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும், விரல்களையும் சேர்த்து. மேல்கையின் வெளிப்பக்கத்துக்கு ஒரு கோடு, தொடையின் முன்பக்கத்துக்கு இரண்டு கோடு என்று வைத்தால் இரண்டு கை, இரண்டு தொடைக்கும் ஒரு வேளைக்கு மூன்று கிராம். ஐம்பது கிராம் டியூப் பதினாறு பதினேழு நாளில் தீர்ந்துபோக வேண்டும். மூன்று மாதமாகியும் உங்கள் டியூப் தீரவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள், நீங்கள் தடவவே இல்லை.

ஒரு சின்ன யோசனை, இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். முதல் ஒரு மாதம் இளக்கும் கிரீமை ஒரு கையில் மட்டும் போடுங்கள், இன்னொரு கையில் வெறும் மாய்ஸ்சரைசர். ஆரம்பிக்கிற நாளில் ஜன்னல் ஓரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இரண்டு கையையும் படம் எடுத்து வையுங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்தால் முண்டு தெரியாது, பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொன்றுக்கும் குட்டி நிழல் விழும். தினமும் பார்க்கிற நம் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. நான்கு வாரம் கழித்து அதே ஜன்னல், அதே நேரம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தடவிப் பாருங்கள், எது எந்தக் கை என்று விரலே சொல்லிவிடும்.

வெயில் விஷயம். லாக்டிக், கிளைகோலிக் போன்ற ஆசிட்கள் போடும் காலத்தில் தோல் வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை அப்படி இருக்கும். பகலில் கை வெளியே தெரியும்படி போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இல்லையென்றால் முழுக்கைத் துணி. கரும்புள்ளி குறைய வேண்டுமென்றால் இது கட்டாயம். ஒரு பக்கம் மருந்து போட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் வெயிலில் காட்டினால் புள்ளி அப்படியே நிற்கும்.

அந்தக் கரும்புள்ளிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவை தழும்பு இல்லை, அழற்சி விட்டுப்போன நிறமி. சொரசொரப்பு முதலில் குறையும், நிறம் அதற்கப்புறம்தான் மங்கும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரைகூட ஆகலாம். நகத்தால் கிள்ளுவதை நிறுத்துவதுதான் இதற்கு முதல் வைத்தியம். பேசும்போதோ படிக்கும்போதோ தன்னை அறியாமல் கை போய்விடும், எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கென்று ஒரு கிரீம் டியூபைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கிள்ளுகிற கை தடவட்டும். சொரசொரப்பு அடங்கிய பிறகு நியாசினமைடு அல்லது அசிலாயிக் ஆசிட் உள்ள கிரீம் சேர்க்கலாம், இரண்டும் நிறமிக்கு உதவும், பொதுவாகத் தோல் தாங்கும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் போதவில்லை என்றால் அடுத்த படி ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு மருந்து. அடப்பலீன், ட்ரெட்டினாயின் இவையெல்லாம் செல்கள் உதிரும் ஒழுங்கையே சீர்செய்யும். வேலை செய்யும், ஆனால் எரிச்சலும் அதிகம், அதனால் மருத்துவரிடம் கேட்டே ஆரம்பியுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருந்தாலோ இந்த வகை வேண்டவே வேண்டாம். அதே நிலையில் உடம்பின் பெரிய பரப்பில் சாலிசிலிக் ஆசிட் பூசுவதையும் தவிர்ப்பது நல்லது, யூரியாவும் லாக்டிக் ஆசிட்டும் அப்போது வசதியானவை.

ஸ்டீராய்டு களிம்பு பற்றி எச்சரிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று பெயர் போட்ட டியூபை யாரோ சொன்னார்கள் என்று வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறவர்களைக் கடையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் வாரம் சிவப்பு அடங்கும், அதனால் நம்பிவிடுவார்கள். முளை அப்படியேதான் இருக்கும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, வரிவரியாகக் கீறல் விழுந்து, நிறம் மாறிவிடும். விழுந்த வரிகளை முழுசாகப் போக்க முடியாது. அழற்சி அதிகமாக இருந்தால் மருத்துவர் சில நாளுக்கு எழுதித்தரலாம், அது வேறு. நீங்களாக வாங்காதீர்கள்.

முடி எடுப்பது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் இது சம்பந்தப்பட்டது. வேக்ஸ் செய்தால் முளைக்கும் புது முடி மெல்லியதாக வரும், அடைத்த வாயை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே சுருளும். மழிப்பதானால் குளியலின் கடைசியில், தோல் ஊறியபின், முடி வளரும் திசையிலேயே, புதுப் பிளேடால். லேசர் முடி நீக்கம் சிலருக்கு முண்டையும் குறைக்கிறது, ஏனென்றால் உள்ளே சிக்க முடியே இல்லாமல் போகிறது. சிவப்புக்கென்று தனி லேசரும் உண்டு. ஆனால் அதெல்லாம் செலவு பிடிக்கிற வேலை, பல தடவை போக வேண்டும், கருமையான தோலில் அனுபவம் இல்லாதவர் செய்தால் நிறமாற்றமும் வரலாம். வீட்டுப் பராமரிப்பை ஆறு மாதம் பார்க்காமல் அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

தொடையில் மட்டும் அடங்கவில்லை என்றால் உடையைப் பாருங்கள். இறுக்கமான, காற்றுப் புகாத துணி நாள் முழுக்க உரசிக்கொண்டிருந்தால் இரவில் தடவும் கிரீம் ஈடுகொடுக்காது. காற்று வறண்ட மாதங்களில் எல்லோருக்குமே கூடும், ஈரப்பதம் ஏறினால் தானாகக் குறையும், அதனால் வறண்ட காலம் தொடங்குமுன்பே தடவும் அளவைக் கூட்டிவிடுங்கள். இரவில் ஏசி ஓடும் அறையும் வறண்ட காற்றுக் கணக்கில்தான் சேரும்.

முழுசாகப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். மயிர்க்காலின் வாகை மாற்றும் கிரீம் எதுவும் இல்லை. பலருக்கு வயது ஏற ஏற, முப்பதை ஒட்டியோ தாண்டியோ, தானாகக் குறைகிறது, சிலருக்கு லேசாக நின்றுகொண்டே இருக்கிறது. எனக்கு இப்போது வாரத்துக்கு மூன்று இரவு 20% யூரியா, தினமும் குளித்ததும் மாய்ஸ்சரைசர், இவ்வளவுதான். இரண்டு மாதம் விட்டால் விரலில் மறுபடி தட்டுப்படும், ஆரம்பித்தால் போய்விடும். சொரசொரப்பு அடங்கியபின் நீங்களும் இப்படி வாரம் இரண்டு மூன்று தடவையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? முண்டில் சீழ் வைத்தாலோ, தொட்டால் வலித்தாலோ, சூடாக இருந்தாலோ அது மயிர்க்கால் தொற்றாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து. திடீரென்று சில வாரத்தில் புதிதாகப் பரவினால், தாங்க முடியாமல் அரித்தால், உச்சந்தலையிலோ புருவத்திலோ முடி கொட்டினால், அப்போதும். உள்ளங்கையில் வழக்கத்தைவிட மிக அதிகமாக, ஆழமாக ரேகைகள் இருந்து, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தோல் மீன் செதில் மாதிரி உரிந்தால் அதையும் காட்டுங்கள், ஏனென்றால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும் ஃபிலாகிரின் என்ற புரதம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த முண்டும் அந்தச் செதிலும் சேர்ந்தே வரும், அவர்களுக்கு எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சி வரும் வாய்ப்பும் அதிகம். முழங்கை, முழங்கால் பக்கம் பெரிய, முள் மாதிரிக் கடினமான முண்டுகள் வந்து, இருட்டில் பார்வையும் மங்கினால் வைட்டமின் ஏ குறைபாடாகக்கூட இருக்கலாம். அதற்காக இந்தச் சாதாரண முண்டுக்கு வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாகப் போட ஆரம்பித்துவிடாதீர்கள், அது உடம்பில் தேங்கி ஈரலைப் பாதிக்கும்.

உங்கள் மகன் விஷயம். ஐந்து வயதில் கன்னத்தில் இப்படி வருவது சகஜம், வளர வளரக் கன்னத்தில் இருப்பது பெரும்பாலும் மறைந்துவிடும். அவனுக்கு ஆசிட் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத குழந்தைகளுக்கான கெட்டி கிரீம், காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, அவ்வளவு போதும். சாலிசிலிக் ஆசிட்டைக் குழந்தைகளின் பெரிய பரப்பில் பூசினால் அது தோல் வழியாக உள்ளே போகும், அதனால் உங்கள் கிரீமை அவனுக்குத் தடவிவிடாதீர்கள். கன்னம் எப்போதுமே சிவந்து, அரித்து, சொறிந்துகொண்டே இருந்தால் எக்ஸிமாவாக இருக்கலாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும்போது அவன் கன்னத்தை யாரும் துணியால் அழுத்தித் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கு என்று அவன் காதுபட யாராவது சொன்னால், இது அம்மாவுக்கும் இருக்கிற தோல்தான் என்று உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.